குமிழில் ஒட்டிய பிளாஸ்திரி

அஞ்சலை அக்கா போய்விட்ட செய்தி மூன்று முறை சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. தியாகதுருகம் பக்கம் ஒரு காதுகுத்து வீட்டில் வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே பாட்டு அலறுகிறது. போனில் என் மகள் கலையரசி ஏதோ சொல்கிறாள். "சத்தமாச் சொல்லும்மா, சத்தமாச் சொல்லு" என்று நான் மரத்திலிருந்து கத்துகிறேன். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்துப் பிழைக்கிறவனுக்குக் காது பாதி போனது தொழில் கொடுத்த பரிசு. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்றாவது முறை, நோயாளியின் வீட்டாருக்குச் சொல்கிற மாதிரி நிறுத்திச் சொன்னாள்.

"அஞ்சலைப் பெரிம்மா செத்துட்டாங்கப்பா. காலையில நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

இறங்கி வந்து பாட்டை நிறுத்தினேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார். "இன்னா ஏழுமலை, மாமன் சீரு வர்ற நேரத்துல நிறுத்திக்கினு?" நல்லது நடக்கும் வீட்டில் சாவைச் சொல்லக் கூடாதே. "ஒயரு சூடாயிடுச்சிங்க" என்று பொய் சொன்னேன். ஐந்து நிமிடம் அந்தப் பொய்யின் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிக்கப்போகிற நீங்கள் எல்லோரும் சங்கத்துப் பெண்கள். கரும்பு வெட்டப் போகிற அந்தக் கையால் அக்கா எப்படி இத்தனை ஊர்ப் பெண்களைச் சேர்த்துக் கட்டினார் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். சங்க மலருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று என்னையும் கேட்டீர்கள். நான் பத்தாம் வகுப்பு. அதையும் இரண்டு தவணையில் முடித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

சங்கத்தின் முதல் ஆண்டுவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டபோது மைக்செட்டோடு மேடைப் பலகையும் பத்து நாற்காலியும் ஏற்றிக்கொண்டு போனேன். விழா என்றால் மேடை, மேடை என்றால் நாற்காலி. எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பலகைகளைப் பார்த்தார். அவருக்கு என் பேர் கடைசிவரை மைக்செட்டுதான்.

"இது இன்னாய்யா மைக்செட்டு?"

"மேடைக்கா."

"யாரு ஏற?"

"வர்ற பெரிய மனுசங்க ஏற."

"அப்ப நாங்க?"

"நீங்க கீழ குந்திக்கினு கேக்கலாம்."

"வருசம் முச்சூடும் கீழதான்யா குந்திக்கினு கீறோம். இந்த ஒரு நாளுக்கும் நீ பலக கொண்டாந்து எங்களக் கீழ குந்த வெக்கணுமா? ஏத்து வண்டில."

ஏற்றினேன். அன்றைக்கு மைக் புளியந்தோப்பின் நடுவில், மண்ணில் நின்றது. அதைச் சுற்றித் தார்ப்பாய். நாற்காலி நிறைமாதக்காரிக்கும் முட்டிவலிக்காரிக்கும் மட்டும். அதிகாரி வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயில்தான் உட்கார வேண்டும். முதல் பேச்சு, அதுவரை மைக்கைக் கையில் பிடித்தே அறியாத பெண்ணுக்கு. அக்கா அவள் தோளைப் பிடித்து நிறுத்திச் சொல்வார்: "பேரு சொல்லு, ஊரு சொல்லு, ஒரு கொற சொல்லு. இன்னார் பொண்டாட்டின்னு ஆரம்பிக்காத. அழுவாத. அழுவறத வூட்ல வெச்சிக்க."

இரண்டாம் வருடம் கல்வராயன் மலையிலிருந்து வேன் பிடித்துப் பெண்கள் வந்தார்கள். அதில் பொன்னி என்று ஒருத்தி. அவளுக்குத்தான் முதல் மைக். "என் பேரு பொன்னி" என்றாள். தன் குரல் நாலு மரத்திலிருந்தும் திரும்பி வருவதைக் கேட்டுச் சிரித்தாள். ஊரைச் சொன்னாள். பிறகு, "ரேசன் அரிசி எங்க ஊருக்கு வர்றதில்லிங்க. நாங்கதான் அரிசிகிட்டப் போறோம். தலைச்சுமையா மலையேத்தணும்" என்று தொடங்கினாள்.

தார்ப்பாய் ஓரத்தில் நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் உட்கார்ந்திருந்தார். தலைவர் என்று கை தவறி எழுதிவிட்டேன். நாம் ஓட்டுப் போட்டது அவர் மனைவிக்கு. கையெழுத்து மட்டும் அந்த அம்மாவுடையது, மற்றதெல்லாம் இவருடையது. அவர் பக்கத்தில் ஓர் அதிகாரி. இவர் என்னைப் பார்த்து உள்ளங்கையைத் தரையை நோக்கி அமுக்கிக் காட்டினார். சத்தத்தைக் குறை என்று அர்த்தம். நான் ஆம்ப்ளிஃபையரில் மைக் சத்தத்துக்கான குமிழைத் திருகிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. பெரிய மனிதர் கை காட்டினால் என் கை தானாகப் போகும். அப்படி வளர்ந்த கை.

பொன்னி பேசிக்கொண்டே இருந்தாள். மரத்திலிருந்து சத்தம் வரவில்லை. மெஷின் என்ன, குமிழ் என்ன என்று அவளுக்கு என்ன தெரியும்? தன் தொண்டைதான் அடைத்துவிட்டது என்று நினைத்துக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு முறை செருமினாள். வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடக் கேவலம் ஒன்று பாக்கியிருந்தது. அதற்கும் வருகிறேன்.

அக்கா நேராக என்னிடம் வந்தார். "மைக்செட்டு, கையி எங்க கீது?" கையைப் பின்னால் மறைத்தேன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. வெட்டுக்கத்தி பட்டு அவர் விரலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதைப் பல்லால் பிய்த்தார். குமிழைச் சரியான அளவுக்குத் திருப்பி, அது நகராதபடி மேலே ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினார். ரத்தம் கொஞ்சம் குமிழிலும் பட்டது.

"இன்னிக்கி இது எங்க தொண்ட. உங்கப்பன் வூட்டுக் குமிழு இல்ல. தொட்ட, வெட்டுக்கத்தி உன் விரலுக்கும் வரும்."

சொல்லிவிட்டுப் பொன்னியை மறுபடி எழுப்பி நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து பேச வைத்தார்.

அந்தப் பிளாஸ்திரியைப் பிய்க்க ஒரு நொடி போதும். நான் பிய்க்கவில்லை. பாட்டுக்கு வேறு குமிழ் உண்டு என்பதால் தொழிலுக்கும் இடைஞ்சல் இல்லை. ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் அக்கா வந்ததும் முதலில் அதைத்தான் அழுத்திப் பார்ப்பார். வணக்கமெல்லாம் பிறகு.

அதன் அருமை எனக்கே பாடமாக வந்தது ஒரு வருடம். கலையரசி பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நைனார்பாளையத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து, கெட்டிக்காரத் தகப்பன் என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். விழாவில் முதல் மைக்குக்கு எழுந்தது யார் என்று பார்த்தால் என் பெண்.

"என் பேரு கலையரசி. ஊரு இதான். என் கொற, தோ மைக்செட்டுகிட்ட குந்திக்கினு கீறாரே, அவருதான்."

தோப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அப்போதும் புரியவில்லை.

"ஊருல எல்லாருக்கும் பேசறதுக்கு மைக் குடுக்கறாரு எங்கப்பா. வூட்ல நான் வாயத் தொறந்தா பாட்டு போட்டுடறாரு. நர்ஸ் படிப்புக்கு ஃபாரம் வாங்கி வெச்சிக்கினு கீறேன். கையெழுத்து போடமாட்டேன்றாரு."

நாலு திசைக்கும் நாலு குழாய் கட்டியவன் நான்தான். நைனார்பாளையம் வரைக்கும் கேட்டிருக்கும். என் கை குமிழுக்குப் போனது. அழுக்கேறிய அந்தப் பிளாஸ்திரி விரலில் சொரசொரவென்று பட்டது. கையை எடுத்துவிட்டேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"சத்தம் சரியா கீதா மைக்செட்டு?"

"கீதுக்கா."

"அப்ப கேட்டுக்க."

ஆம்ப்ளிஃபையர் பெட்டி மேல் வைத்துத்தான் அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனா அக்காவுடையது. திருப்பித் தரும்போது, "கையெழுத்து கோணலா கீது, பரவால்ல" என்றார். என் பெண் இன்று ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறாள் என்றால் அது அக்கா போட்ட ஊசி.

இனி இந்த வருட விழாக் கதைக்கு வருகிறேன்.

அக்கா போன துக்கத்தில் நீங்கள் கலங்கி நின்றபோது, "அஞ்சலையம்மா நினைவா விழாவ நானே சிறப்பா நடத்தித் தர்றேன்" என்று வந்தார் அந்தத் தலைவி வீட்டுக்காரர். நீங்கள் சரி என்றீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. மேடை கேட்டார், ஏற்றிப் போனவன் நான். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், மெஷின் பளிச்சென்று இருக்கட்டும் என்று முதல் நாள் மண்ணெண்ணெய் துணியால் ஆம்ப்ளிஃபையரைத் துடைத்தேன். கறுத்துப்போன பிளாஸ்திரி அசிங்கமாகத் தெரிந்தது. பிய்த்துக் குப்பையில் போட்டேன். என்னை என்ன சொல்லித் திட்டலாம் என்று அன்றிலிருந்து தேடுகிறேன். தமிழில் அவ்வளவு கெட்ட வார்த்தை இல்லை.

மேடையில் ஒரு வரிசை ஆண்கள். கடைசி நாற்காலியில், நாம் ஓட்டுப் போட்ட அம்மா, வாய் திறக்காமல். அக்கா படத்துக்கு ஆளுயர மாலை. படமே தெரியவில்லை. கீழே நீங்கள், பந்தல் முடிந்த இடத்துக்கு அப்பால், வெயிலில். ஒருவர் அக்காவை "அஞ்சுகம் அம்மையார்" என்றார். ஒருவர் "தாயுள்ளம்" என்றார். இன்னொருவர் "பொறுமையின் சிகரம்" என்றார். பொறுமையா? யாருக்கு? மேடைப் பலகையைத் திருப்பி வண்டியில் ஏற்றவைத்தவருக்கா? அவர் பொறுத்துக்கொள்ளாததையெல்லாம் வரிசையாக மேடையில் உட்காரவைத்து, பொறுத்துக்கொண்டார் என்று பட்டம் கொடுத்தார்கள். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியம்!

முதல் மைக் வழக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பொன்னிதான் எழுந்து மேடையோரம் வந்து கேட்டாள். "டயமில்லம்மா, சாப்பாடு ஆறுது" என்றார்கள். அவள் என்னிடம் வந்து மைக்குக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன். அந்த ஒன்றையாவது செய்தேன்.

"என் பேரு பொன்னி" என்று தொடங்கினாள். ஊரைச் சொன்னாள். "என் கொற இந்த மேடதான். அஞ்சல இருந்தா இது இங்க நிக்குமா?"

மேடையிலிருந்து அதே கை. அதே உள்ளங்கை, தரையை நோக்கி. என் கை போனது. தடுக்க அங்கே பிளாஸ்திரி இல்லை. குமிழ் வழுவழுவென்று திரும்பியது.

இந்த முறை பொன்னி கழுத்தைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தாள். மைக்கை என் பெட்டி மேல் வைத்தாள்.

"அண்ணே, எனக்குத் தொண்ட நல்லாத்தான் கீது. உன் கையிதான் இன்னும் அவங்க கையி."

திரும்பி நடந்தாள். உங்கள் நடுவில் மண்ணில் நின்று, மலையில் ஆளுக்கு ஆள் கூப்பிடுவார்களே, அந்தக் குரலில் பேசினாள். நீங்கள் எல்லோரும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு, மேடைக்கு முதுகைக் காட்டி அவளைச் சுற்றி உட்கார்ந்தீர்கள். மேடைக்காரர்கள் கொஞ்ச நேரம் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி எழுந்தாள், பிறகு இன்னொருத்தி. ஒருத்தியும் என்னிடம் மைக் கேட்கவில்லை. இறக்கிய குமிழைத் திரும்ப ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன், யாருக்கும் வேண்டாத சத்தத்தோடு.

வீட்டுக்கு வந்து கலையரசியிடம், "ஆஸ்பத்திரி பிளாஸ்திரி இருந்தா ஒண்ணு குடும்மா, குமிழுக்கு ஒட்டணும்" என்றேன். அவள் நடந்ததைக் கேட்டிருந்தாள். தரவில்லை.

"பெரிம்மா ஒட்டினது நீ திருந்தறவரைக்கும்பா. இத்தினி வருசம் ஆச்சி. பிளாஸ்திரி இல்லாம கைய வெக்காம இருக்க முடியாதா உன்னால?"

அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். பாட்டும் போடவில்லை.

அக்கா வகுத்த முறையிலேயே முடிக்கிறேன். பேர் ஏழுமலை. ஊர் உங்களுக்குத் தெரியும். என் குறை, என் கை. அடுத்த ஆண்டுவிழாவுக்கு என்னைக் கூப்பிடாவிட்டால் அது நியாயம். கூப்பிட்டால் பலகை வராது, நாற்காலி நிறைமாதக்காரிக்கும் முட்டிவலிக்காரிக்கும் மட்டும்தான் வரும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான். பிளாஸ்திரி போனாலும் அதன் பசை குமிழிலிருந்து போகவில்லை. மண்ணெண்ணெய்க்கும் போகாத வட்டக் கறை, ஒரு கட்டைவிரல் அளவு. இப்போதெல்லாம் மெஷினைத் துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைக்கிறேன்.