பார்லி என்று மட்டும் படித்தேன்

காலை மணி ஆறு இருபது. செஞ்சி டிராவலர்ஸ் பங்களாவில் முதலில் கண்ணில் பட்டது, வாட்ச்மேன் முனுசாமி போலீஸ் ஏட்டின் முகத்தில் ஊதிக்கொண்டிருந்த காட்சி.

அறுபதுகளின் தொடக்கம். நான் ஒரு நாளிதழுக்குச் செஞ்சி நிருபர். கோட்டையை அளந்து படம் வரைய வந்து, பங்களாவில் தங்கியிருந்த இங்கிலீஷ்காரரைப் பேட்டி காணப் போயிருந்தேன். அவர் விடியுமுன்பே ராஜகிரிக்கு ஏறிவிட்டார்.

மதுவிலக்குக் காலம். பர்மிட் இல்லாதவர் வாயில் வாடை அடித்தாலே வழக்கு. துரையிடம் பீருக்கு பர்மிட் இருந்தது. முனுசாமியிடம் இருந்தது வேலை ஒன்றுதான், அதுவும் தற்காலிகம்.

துரையின் பர்மிட்டைப் பார்க்க வந்தவர் ஏட்டு. எப்போதும் எழுந்து நின்று கும்பிடும் முனுசாமி, அன்று உட்கார்ந்தபடியே, "வாய்யா ஏட்டு, சாப்டியா?" என்று கேட்டிருக்கிறார். மாட்டிக்கொண்டது அதில்தான்.

"இன்னொரு வாட்டி ஊதுடா."

"எத்தினி வாட்டி வேணாலும் ஊதறேன் சாமி. மருந்துதான் குடிச்சேன்."

"இன்னா மருந்து?"

"பார்லி. நீர்க்கடுப்புக்கு டாக்டரு குடிக்கச் சொன்னாரு."

உள்ளே போய் இரண்டு பொருள் கொண்டுவந்தார். ஒன்று, மருந்துக்கடை பார்லி டப்பா, காலி. இன்னொன்று, துரையின் கறுப்பு பாட்டில், பாதி. முனுசாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. டப்பாவையும் பாட்டிலையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்திருக்கிறார். ஆறு எழுத்தும் சரியாக இருந்தன.

"துரைக்கும் நீர்க்கடுப்பு போலன்னு நெனச்சேன் சாமி. ஒரே ஒரு டம்ளர்."

ஏட்டு பாட்டிலை என்னிடம் நீட்டினார். "ரிப்போர்ட்டர் சார், இதுல இன்னா எழுதியிருக்குது?"

லேபிளில் இரண்டு வரி. மேலே பார்லி. கீழே ஒயின். என் கட்டைவிரல் கீழ்வரியின் மேல் இருந்தது.

"பார்லி" என்றேன்.

"அப்ப இந்த நாத்தம்?"

"பார்லிய மொளகட்டி, காய்ச்சி, புளிக்க வெச்சது."

அதில் பொய் ஏதுமில்லை. ஏட்டு என் கட்டைவிரலைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு முனுசாமி பக்கம் திரும்பினார்.

"டேய், டாக்டரு சொல்றத கேளு. டப்பா சொல்றத கேக்காத. மோரு குடிச்சுட்டுப் படு."

சைக்கிள் ஏறிப் போய்விட்டார்.

மாலையில் துரையிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெயர்தான் ஒயின், சரக்கு பீர்தான் என்றார். அவருடைய ஊரில் வருடத்துக்கு ஒருமுறை காய்ச்சுவதாம். இது எட்டு வருடம் பாட்டிலிலேயே கிடந்து முதிர்ந்தது. மொத்தம் மூன்று கொண்டுவந்திருந்தார். செஞ்சியின் மூன்று மலைகளில் ஒன்றை வரைந்து முடித்தால் ஒரு பாட்டில். இது கிருஷ்ணகிரிக்குத் திறந்தது.

"ஒரு டம்ளரா? எனக்கு அது மூன்று நாளைக்கு வரும்" என்றார்.

சின்னக் கண்ணாடிக் கோப்பையில் இரண்டு விரல் உயரம் ஊற்றினார். கருப்பட்டிப் பாகின் நிறம். நுரைகூடப் பழுப்பு. பாட்டில் குளிரட்டும் என்று முனுசாமி சுற்றி வைத்திருந்த ஈரத்துணியைத் துரை முதல் நாளே அவிழ்த்துவிட்டாராம், இதைக் குளிரவைத்துக் குடிக்கக் கூடாதாம். கோப்பையை இரு உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடேற்றினார். மலை நிழல் பங்களா காம்பவுண்டைத் தாண்டும்வரை குடிக்கவில்லை, முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு வாய். அடுத்த வாய்க்குப் பத்து நிமிடம் ஆனது.

எனக்கு பர்மிட் இல்லை. கோப்பையை முகர மட்டும் கொடுத்தார். பேரீச்சம்பழம், கருகிய சர்க்கரை, அடியில் மரப்பெட்டி வாசனை. பிற்காலத்தில் பல ஊர்களில் பீர் குடித்திருக்கிறேன். எதிலும் அந்த வாசனை வரவில்லை. இப்போதும் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வருகிறது.

செய்தி எழுதப் புதிதாக வருகிறவர்களிடம், எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படி என்றுதான் சொல்லி வந்தேன். நானும் அப்படித்தான் படித்தேன், அந்த ஒரு காலை தவிர.

துரை மூன்று மலைகளையும் முடித்துக்கொண்டு கிளம்பினார். மறுவருடம் முனுசாமியின் வேலை நிரந்தரமானது. ஓய்வு பெறும் வரை அவர் பார்லித் தண்ணீரை அந்தக் கறுப்பு பாட்டிலில்தான் கொண்டுவந்தார், லேபிளோடு.