பதினேழு வளைவும் ஒரு நீண்ட மோட்டார்சைக்கிளும்

தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த நாகரத்தினத்தைப் பற்றி விசாரித்தால், கெட்டிக்காரர் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டுச் சாமான்களைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். இலை உருட்டும் இயந்திரம் இருமினால், எந்தப் பல்சக்கரத்துக்குச் சளி என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். ரிப்பேரோடு நிறுத்தினால் மனிதர் தங்கம். ஆனால் ரிப்பேர் முடிந்த கையோடு அந்தப் பொருளை இன்னும் ஒரு படி உயர்த்திவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றும். மனைவி திலகத்தின் ஆட்டுக்கல்லுக்கு அவர் மோட்டார் பொருத்திய தீபாவளிக்கு மாவு கூரையில் இருந்தது. “அரைபட்டுச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லு” என்று கீழே நின்று கேட்டார்.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரச் சின்னதுரை ஒருவரிடமிருந்து பழைய ரேஸ் மோட்டார்சைக்கிள் ஒன்று அவர் கைக்கு வந்தது. இரட்டை சிலிண்டர், ஸ்டார்ட் செய்தால் மூன்று லயத்துக் கோழிகளும் முட்டையை மறந்துவிடும். அதை வாங்கியதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது, அந்தக் காரணத்தின் பெயர் திலகம். பன்னிரண்டு வருஷம் முதுகில் கூடையோடு, காலில் அட்டையோடு கொழுந்து பறித்தவளுக்குப் பிரிஞ்சாங் டவுன் ஹோட்டல் ஒன்றில் சமையற்கட்டு வேலை கிடைத்திருந்தது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வருமாம். முதல் தேதி காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடத்தில் நிற்க இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்று ஹோட்டல் முதலாளியான சீனத் தௌக்கேயின் மனைவி தெளிவாகச் சொல்லியிருந்தாள். முதல் பஸ்ஸோ எட்டரைக்குத்தான்.

“நான் கொண்டுபோய் விடுறேன்” என்றார் நாகரத்தினம். அன்று தேதி மூன்று. இருபத்தேழு நாள் இருந்தது. ஒரு மோட்டாரைச் சும்மா வைத்திருக்க அது ரொம்ப நீளமான காலம்.

கேடு, தானா ராத்தா டவுனில், ஷஹாபுதீனின் சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தது. யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன மோட்டார் புத்தகம் ஒன்றை ஷஹாபுதீன் ரொட்டி மாவுக்குப் பக்கத்தில் விரித்துக் காட்டினார். நடுப்பக்கத்தில் முன் ஃபோர்க் நீண்டு, ஹேண்டில் வானத்தைப் பார்த்து, முதுகு சாய ஆளுயரக் கம்பியோடு ஒரு மோட்டார். அதன்மேல் சட்டை போடாத ஒரு தாடிக்காரன்.

“இந்த ஆளுக்குக் குளிராதா பாய்?”

“ஆளை விடுங்கண்ணே, மோட்டாரைப் பாருங்க. ஃபேக்டரியில லேத் இருக்கு, வெல்டிங் இருக்கு, நீங்க இருக்கீங்க. வேற என்னலா குறைச்சல்?”

ஒரே ஒரு குறைச்சல் இருந்தது. அது அந்தப் படத்திலேயே அச்சாகியும் இருந்தது. மோட்டாருக்குப் பின்னால் வானத்தின் விளிம்புவரை கோடு போட்டாற்போல் நேராகப் போகும் ரோடு. “நானும் பார்த்தேன்லா” என்று பிற்காலத்தில் அவரே சொல்வார். “பார்க்காம இல்ல. ரோடு நல்லாருக்குன்னு வேற பாய்கிட்ட சொன்னேன்.”

வேலை முடிந்த பின் லேத்தில் எஃகுத் துண்டு கடைந்து, ஃபோர்க்கை ஒன்றரை அடி நீட்டினார். முன்கழுத்தை அறுத்துச் சாய்த்து வைத்து ஒட்டினார். தண்ணீர்க் குழாயை வளைத்ததில் ஹேண்டில் பிறந்தது. பின்சீட்டில் திலகம் சாய்ந்துகொள்ள இரும்பில் முதுகுப்பலகை அடித்து, சிவப்பு ரெக்சின் போர்த்தினார். இவ்வளவும் அவளுக்காகத்தான் என்று அந்த ரெக்சினைத் தொட்டுத் தொட்டுத் தனக்கே சாட்சி சொல்லிக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்க நேரான இடம் வேண்டும். தோட்டம் முழுக்கத் தேடியும் அகப்பட்ட நேரான இடம் ஒன்றே: ஃபேக்டரி மேல்தளத்தில் இலை வாட்டும் கூடம். இலை வராத ஞாயிற்றுக்கிழமை, மூட்டை தூக்கும் சங்கிலியில் மோட்டாரைக் கட்டி மேலே ஏற்றினார்கள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை, வெண்ணெயில் கத்தி போனாற்போல் போனது. கோடிக்கு வந்ததும் நான்கு பேர் அதை அலாக்காகத் தூக்கித் திருப்பி வைத்தார்கள்; மறுபடி போனது. தூக்கித் திருப்பியதை யாரும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் தேதிக்கு முந்தின சாயங்காலம் வாசலில் நின்றதைத் திலகம் சுற்றி வந்து பார்த்தாள். சுற்றி வரவே நேரமாயிற்று.

“என்னங்க, முன்சக்கரம் ஏன் அடுத்த வீட்டுல நிக்குது?”

“அதுதான் புள்ள ஸ்டைலு.”

“நாளைக்கு ஏழு மணிக்குச் சக்கரம் போய்ச் சேர்ந்துரும். நாம எத்தனை மணிக்குப் போவோம்?”

மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள். தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கப் பதினேழு வளைவு. அத்தனையும் ஊசிமுனை. அத்தனையும் நாகரத்தினத்துக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அப்படித் தெரிந்ததுதான் வினை. தினமும் பார்க்கும் மூக்கை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?

முதல் வளைவில் முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பை எட்டிப் பார்த்தது. பின்சக்கரம் இன்னும் வளைவுக்கே வரவில்லை. திலகம் இறங்கினாள். சிவப்பு ரெக்சினைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவர் ஹேண்டிலை ஒடித்தார். முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம், மறுபடி முன்னே. திரும்பியது. ஏறினாள். ஐம்பது கெஜத்தில் இரண்டாவது வளைவு. இறங்கினாள்.

மூன்றாவது முடிந்ததும் திலகம் மூச்சு வாங்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “ஒரு வளைவுக்கு நாலு நிமிஷம். இன்னும் பதினாலு இருக்கு. நீங்க வளைச்சுக்கிட்டு வாங்க, நான் போறேன்.”

“எப்படிப் போவே?”

“இத்தனை வருஷம் எப்படிப் போனேன்?”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நேராகக் கீழே இறங்கிவிட்டாள். கொழுந்து பறிக்கிறவர்களின் பாதைக்கு வளைவு கிடையாது. நான்காவது வளைவை அவர் அடைந்தபோது அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

“ஏறு புள்ள.”

“ஏறி? அடுத்ததுல இறங்கவா?” என்று சிரித்துவிட்டு மறுபடி செடிக்குள் மறைந்தாள்.

ஆறாவது வளைவில் அவள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இருநூறு கிலோ இரும்பையும் இரண்டு சிலிண்டரையும் காலில் செருப்பு மாட்டிய பெண் ஒருத்தி நடந்தே தோற்கடிப்பதை நாகரத்தினம் ஓர் இயந்திரத் தொழிலாளியின் அக்கறையோடு கவனித்தார். கவனித்தபோது பள்ளத்தில் சரிந்தார்.

மோட்டாரை மேலே இழுத்து ஒன்பதாவது வளைவுக்கு வந்தபோது அவள் அங்கே இல்லை. வெகு கீழே, பெரிய ரோட்டு முனையில், லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டங்களிலிருந்து கோஸ் ஏற்றிவந்த லாரிக்காரர் ஆண்டியப்பனின் லாரி நின்றது. மஞ்சள் சேலை ஒன்று முன்சீட்டில் ஏறியது. ஜன்னல் வழியாக ஒரு கை அசைந்தது. லாரி பிரிஞ்சாங் பக்கம் போய்விட்டது.

ஒன்பதரைக்கு நாகரத்தினம் ஹோட்டலின் பின்வாசலை அடைந்தார். முழங்கை தேய்ந்திருந்தது, கால்சட்டையில் பாதி மலை ஒட்டியிருந்தது. வழியெல்லாம் கூட்டிச் சேர்த்த மன்னிப்புப் பேச்சு ஒன்று வாயில் தயாராக இருந்தது. உள்ளே திலகம், சுடுதண்ணீர்க் குழாயின் ஆவிக்கு நடுவே, கேரட் சீவிக்கொண்டிருந்தாள். ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டாளாம்.

“வந்துட்டீங்களா!” என்றாள். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். “மத்தியானம் ஆகும்னுல்ல நெனைச்சேன்.”

“திலகம், நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“தெரியும்.” கேரட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, ஈரத் துணியால் அவர் முழங்கையைத் துடைத்தாள். அழுத்தித்தான் துடைத்தாள்.

“சாயந்திரம் எத்தனை மணிக்கு முடியும்? வாசல்லயே நிக்கிறேன். கூட்டிட்டுப் போறேன்.”

திலகம் வாசலில் நின்ற மோட்டாரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள்.

“அஞ்சு மணிக்கு முடியும். ஆனா நீங்க நிக்காதீங்க, இப்பவே கிளம்புங்க. நான் அஞ்சரை மணி பஸ் புடிச்சு, மலையேறி, உலை வச்சு, சோறு வடிக்கிறதுக்குள்ள எப்படியும் வந்து சேர்ந்துருவீங்க.”

ஒரு ஃபிட்டரின் மூளையோடு அந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பிழையும் அகப்படவில்லை. ஹோட்டல் சமையற்காரனையும் தோட்டக்காரனையும் கூப்பிட்டு, மூன்று பேருமாக மோட்டாரைத் தூக்கித் தோட்டம் இருந்த திசைக்குத் திருப்பி வைத்துவிட்டுக் கிளம்பினார்.