ஜூலியட்டின் மேல்குரல்

சார்லஸ் பிரான்சில் பாடுகிறான் என்று காரைக்காலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்ன பாடுகிறான் என்று கேட்டால்தான் விழிப்பார்கள். ஆப்பரா என்கிற பாட்டு நாடகத்தில் ஆண்பிள்ளை ஒருவன் பெண்ணின் உச்சக் குரலில் பாடினால் அவனுக்குக் கவுண்டர்டெனர் என்று பெயர். அபூர்வமான குரலாம். அமைந்துவிட்டால் மேடை, பூச்செண்டு, பத்திரிகையில் படம். அவன் கதையைச் சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது அவன் அக்கா ஜூலியட்டைப் பற்றி.

ஜூலியட் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுப்பவள். ஊசியைக் கண்டு குழந்தை வீறிடும்போது மெல்ல ஒரு பாட்டை எடுத்துவிடுவாள். குழந்தை அழுகையை மறந்து அவள் வாயைப் பார்க்கும், அதற்குள் வேலை முடிந்திருக்கும். மாதா கோயில் பாடகர் குழுவில் மேல்குரல் அவளுடையது. ஆகஸ்ட் திருவிழாப் பூசையில் எல்லாரும் பீடத்தருகே போய் நன்மை என்கிற அப்பம் வாங்கி முடித்ததும் வரும் மாதா பாட்டை வருஷாவருஷம் அவள்தான் தனியாகப் பாடுவாள்.

சார்லஸ் அவளுக்கு ஒரு வயது இளையவன். குரல் உடைகிற வயதில் ஆண்கள் வரிசையில் கிண்டல் செய்தே அவனை விரட்டிவிட்டார்கள். வந்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான். அவள் பாடியதையே பாடினான். கண்ணை மூடிக் கேட்டால் யார் குரல் என்று ஆர்மோனியம் வாசிக்கும் சந்தனசாமிக்கே தெரியாது.

பிரான்சில், லியோன் நகரத்தில் இருக்கும் சித்தி ஜெமிமா, பிள்ளைகளில் ஒன்றை அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஜூலியட் கிளம்பத் தயாராகத்தான் இருந்தாள்.

"பொம்பளைப் புள்ளையக் கடல் தாண்டி அனுப்பிட்டு நான் இங்க எப்படித் தூங்குறது?" என்று அம்மா சலோமி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

சார்லஸ் போனான். ஓட்டலில் தட்டு கழுவினான், கோயிலில் பாடினான். மதாம் ஹெலன் என்ற சங்கீத ஆசிரியை அதைக் கேட்டாள். அன்றோடு அவன் தலையெழுத்தே மாறிப்போனது.

ஜூலியட்டுக்குப் பொறாமை இல்லை என்றால் அது பொய். ஆனால் ஆசை அதைவிடப் பெரிது. தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பும் இத்தாலியப் பாட்டுகளை, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல், மொட்டைமாடியில் துணி உலர்த்தியபடியே பாடிப் பழகினாள். அவனிடம் அதுவரை எதுவும் கேட்காதவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்க மதாம் ஒரு தடவை என் பாட்டைக் கேக்கணும்டா. அது போதும்."

போன ஆகஸ்டில் மதாமையே கூட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வந்துவிட்டான். கூடத்தில் நாற்காலி போட்டு மதாமை உட்காரவைத்தார்கள். அங்கே ஒரு போட்டியில் சார்லஸுக்குப் பரிசு வாங்கித் தந்த அதே பாட்டை ஜூலியட் பாடினாள். எங்கும் பிசிறவில்லை. சலோமி கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். இதற்கு முன் தான் இப்படிப் பாடியதில்லை என்று ஜூலியட்டுக்கே தெரிந்தது.

மதாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் என்னென்னவோ பேசினாள். சார்லஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா சொல்றாங்க?"

"நல்ல குரலாம்க்கா."

"இவ்ளோ நேரம் பேசுனது அது மட்டும்தானா?"

அவன் நிமிராமலே சொன்னான். "இந்தக் குரல்ல அங்க பொம்பளைங்க தெருவுக்குத் தெரு இருக்காங்களாம். சின்ன வயசுலேருந்து படிச்சவங்களுக்கே மேடை கிடைக்கலையாம். நீ பாடுறதைத்தான்க்கா நானும் பாடுறேன். நான் ஆம்பளைங்கறதால அது அதிசயமாப் போச்சு. அதையும் அவங்ககிட்ட சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"என்னை நெனச்சு உன்னைப் பெருமைப்படச் சொன்னாங்க."

பெருமையாம்! அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? உள்ளே போய் மதாமுக்குக் காபி கலந்து கொண்டுவந்தாள்.

மறுநாள் திருவிழாப் பூசையில் சார்லஸ்தான் மாதா பாட்டைப் பாட வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். "இந்த ஒரு தடவை நீ கீழ்க்குரல் குடும்மா" என்றார் சந்தனசாமி. கொடுத்தாள். கோயிலே அசந்துபோனது. காரைக்கால்மேட்டிலிருந்து வந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஆம்பளைப் புள்ளைக்கு இப்படியொரு தொண்டையா!" என்று வாசல்வரை பேச்சு. அதே பாட்டை அதே உயரத்தில் ஜூலியட் பாடிய வருஷங்களிலெல்லாம், செருப்பை எங்கே கழற்றிப் போட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்த ஜனங்கள்தான் இவர்கள்.

இந்த ஆகஸ்டில் சார்லஸ் வரவில்லை. ஏதோ பெரிய மேடையாம். பாட்டாவது திரும்பி வந்ததே என்று ஜூலியட் முன்கூட்டியே பழகத் தொடங்கினாள். ஒத்திகையன்று சந்தனசாமி தலையைச் சொறிந்தார்.

"போன வருஷம் தம்பி பாடுனதை நல்லாப் பதிவு பண்ணி வச்சிருக்காங்கம்மா. அதையே போடச் சொல்லி எல்லாரும் கேக்குறாங்க. சாமியாரும் சரின்னுட்டாரு. நீ கோச்சுக்காத."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்படுவதற்கும் மனசில் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. பூசையன்று பாடகர் மாடிக்கு ஏறாமல், கீழே அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்பீக்கரில் பாட்டு எழுந்ததும் சலோமி கைகூப்பி அழுதாள்.

முன்வரிசையில் இருந்த அஞ்சுகம் திரும்பிப் பார்த்தாள். ஜூலியட்டின் லேபுக்கு ரத்தப் பரிசோதனைக்காக அடிக்கடி வருபவள் அவள்.

"ஏம்மா, நீயும் முன்னாடி பாடிக்கிட்டிருந்த இல்ல?"

"ஆமாங்க," என்றாள் ஜூலியட். "பாடிக்கிட்டிருந்தேன்."