கடற்காற்றுக்கு எந்தத் தோட்டா?

யுத்தம் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பிய கையோடு என் கணவர் ஒரு துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தார். வேடிக்கை பார்க்கப் போன நான், சில வாரங்களிலேயே சேலைக்கு மேல் அவருடைய பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மணலில் குப்புறப் படுத்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் மயிலாப்பூரில் பஸ் ஏறுவோம். பள்ளிக்கூட டீச்சர் தோளில் துப்பாக்கி உறையோடு போனால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

சுடுதளம் அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி இருந்தது. தெற்கு நோக்கிப் படுத்தால் இடது கன்னத்தில் கடற்காற்று அறையும். அறுநூறு கஜத்தில் அந்தக் காற்று குண்டை ஆளுயரத்துக்குக்கூட வலப்பக்கம் தள்ளிவிடும்.

பெங்களூரிலிருந்து ஓர் அணி போட்டிக்கு வருவதாக இருந்தது. கழகத்தில் இருந்தவை யுத்தத்தில் மிஞ்சிய தோட்டாக்கள், இரண்டு வகை. ஒன்று எல்லாரும் சுடும் சாதாரண வகை. மற்றது மெஷின் கன்னுக்காகச் செய்தது. அதன் குண்டு பின்பக்கம் படகைப் போல ஒடுங்கியிருக்கும். முந்தின வாரம் நல்ல காற்றில் இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். வால் ஒடுங்கியது அவ்வளவாக நகரவில்லை. எனக்கு அது போதும்.

"அது சூடு ஜாஸ்தி. குழாய் தேஞ்சு போயிடும்," என்றார் அவர்.

"தேய்ஞ்சா தேயட்டும். உங்களுத தேயாம நீங்க பத்திரமா வச்சுக்குங்க."

"பர்மாவுல நான் சுட்டது எல்லாம் இந்தச் சாதாரணதுதான், தெரியுமா?"

"பர்மாவுல உங்களுக்கு யாரு மார்க் போட்டா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தோட்டாவை மாற்றிக்கொள்ளவில்லை.

போட்டியன்று காலையில் இலைகூட அசையவில்லை. முதல் சுற்றில் அவர் என்னை முந்திவிட்டார். "தோட்டாவுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் ஓர் இட்லியை எடுத்துக்கொண்டேன். உண்மையில் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டாம் சுற்றுக்குப் படுத்தபோது காற்றைக் காட்டும் கொடிகள் படபடத்தன. அவர் இடப்பக்கம், நான் அவருக்கு வலப்பக்கம்; எங்கள் இலக்குப் பலகைகளும் அதே வரிசையில். பெங்களூர்க்காரர்கள் காற்றைத் திட்டுவது காதில் விழுந்தது. என் குண்டுகள் நடுவட்டத்தை விட்டு அதிகம் விலகவில்லை. அவருடையவை பலகையின் ஓரத்துக்கே ஓடின. பொறுமையிழந்து, துப்பாக்கியில் குறியை இடவலமாக நகர்த்தும் திருகை வேகமாகத் திருப்பினார். நானும் அவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுட்டோம்.

பலகைகளுக்கு அடியில் குழியிலிருந்து ஓட்டைகளைக் குறிப்பவர்கள் இரண்டு பலகைகளையும் இறக்கினார்கள். பிறகு டெலிபோன் மணி அடித்தது. கேட்டுவிட்டு, சுடுதள ஊழியர் தலையைச் சொறிந்தார்.

"இன்னா சார் இது! அம்மா பலகையில ரெண்டு ஓட்டை கீதாம். ஒண்ணு ஓரத்துல, ஒண்ணு நட்ட நடுவுல. சார் பலகையில ஒண்ணுமே இல்லியாம்!"

எனக்கு உடனே புரிந்தது. அவர் திருகைத் தப்பான பக்கம் திருப்பியிருக்கிறார். திருகும் காற்றும் சேர்ந்து அவர் குண்டை என் பலகைக்குத் தள்ளிவிட்டன. அந்த ஒரு முறை நான் விசையை அவசரமாக இழுத்துவிட்டேன்; ஓரத்தில் இருந்தது என்னுடையது.

"அந்த நடு ஓட்டை என்னுது இல்ல," என்றேன் நடுவரிடம்.

"யாரோடதுன்னு சொல்ல முடியாதும்மா. பலகைக்கு உரியவங்களுக்கு ரெண்டுல உயர்ந்த மார்க். அதுதான் விதி."

என் கணவர் மணலிலேயே மல்லாந்து படுத்துச் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமானதால் அடுத்த குண்டுக்கு எல்லாரும் காத்திருந்தார்கள்.

எங்கள் அணி சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, தெரிந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார்: "பெண்டாட்டிக்கு எல்லாரும் புடவை வாங்கித் தருவாங்க. நான் அறுநூறு கஜத்துலேர்ந்து ஒரு புல்ஸ் ஐ அனுப்பி வச்சேன்."