முளைப்பாரிச் சட்டியில் வேறு இலை

மாரியம்மன் நோம்பிக்கு வருடாவருடம் வீட்டுக்குள் ஜன்னலை அடைத்து முளைப்பாரி போடுவேன். இந்த முறை ஒரு சட்டிக்குத் தானியம் குறைந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகனின் வீட்டு அலமாரியில் ஒரு டப்பா நிறைய விதை இருந்தது. ஜிம்முக்குப் போகிறவன், சத்துக்காக வாங்கியிருப்பான் என்று நினைத்து அதையும் கலந்து தூவிவிட்டேன்.

ஊர்வலத்தன்று காலை சட்டிகளை வெளியே எடுத்தேன். பக்கத்து வீட்டுச் சரசு, "ஏனுங்கக்கா, இதுல மட்டும் செண்டுமல்லி நாத்தாட்ட இருக்குதுங்க!" என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மகன் அழைத்தான். "அம்மா, அந்தப் போட்டோவ அழிச்சுப்போடுங்க. அது கஞ்சாச் செடிங்கம்மா."

சாயங்காலம் அந்தச் சட்டியைத் தலையில் சுமந்து, பந்தோபஸ்துக்கு நிற்கும் போலீஸ்காரர்களைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டும்! படத்தை அழித்தேன். அந்த நாற்றுகளைத் தேடித் தேடிப் பிடுங்கிக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வெளியே சரசு கூப்பிட்டபோது இன்னொரு வாளித் தண்ணீரையும் ஊற்றினேன்.

அம்மன் புண்ணியத்தில் யாருக்கும் தெரியவில்லை. "சும்மா வளத்திப் பாக்கலாம்னு வாங்குனேங்கம்மா" என்றான் மகன். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இப்போது அவன் அலமாரியை நானே துடைக்கிறேன். வாரம் தவறாமல் விடுதிக்குப் போய் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். போலீஸ் பயம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. லீவில் வரும்போது அவன் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால் மட்டும், எழுப்பிக் கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.