சீமோனும் ஆயிரத்து இருநூறு முட்டைகளும்

முட்டைத் தட்டுகளைப் பின் இருக்கையில் அடுக்கி, குறுக்கே சீற் பெல்ட்டை மாட்டி, பூட்டு விழுந்ததா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் சீமோன் வானை எடுப்பார். முன் இருக்கையில் இருக்கும் மனைவி பிலோமினா பெல்ட் போட்டாரா என்று அவர் திரும்பிப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. கேட்டால், "அவ கத்துவா. முட்டை கத்தாது" என்பார்.

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் தளத்தில் குடியிருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமை வரை கதவுப்பிடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமையில் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட உத்தியோகம் ஒன்று உண்டு: வாத்து வளர்ப்பவர்களுக்கு நாலு காசு வர வழி பண்ணுவது. சம்பளம் ஒரு முட்டை. பண்ணையிலிருந்து கிளம்பும்போது கூடையில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இரண்டாவதை நீட்டினால் முகம் கோணிவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன், மில்லிக்கனையும் தாண்டி வடக்கே தூண்டில் போடப் போனவர், வழி தப்பி ஹென்றி என்ற கிழவரின் பண்ணைக்குள் வானை விட்டுவிட்டார். தகப்பன் காலத்திலிருந்து வாத்து வளர்க்கும் குடும்பம். பக்கத்து இரண்டு வீடுகளையும் சேர்த்தால் முந்நூறு வாத்துகள் தேறும். இலையுதிர் காலத்தில் ஒரு மொத்த வியாபாரி லொறியோடு வந்து, இறைச்சிக்கென்று, தான் சொன்னதே விலையாக அள்ளிப் போவான். முட்டையைக் கேட்க நாதியில்லை. சீமோன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஹென்றி ஒரு வாளி முட்டையைப் பன்றித் தொட்டியில் கொட்டினார்.

"எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்லை" என்று இப்போதும் நெஞ்சைத் தடவிக்கொண்டு சொல்வார். "ஸ்காபரோச் சனம் தாரா முட்டைக்கு ஏங்கிக் கிடக்குது. மனிசன் பண்டிக்குப் போடுறான்." வாத்தை யாழ்ப்பாணத்தார் தாரா என்பார்கள், அதன் முட்டையில் பொரித்த முட்டைப்பொரியலுக்கு ஈடில்லை என்பது அவர்களுடைய கட்சி.

அன்று தொடங்கியது. அடுக்குமாடியின் உடுப்புத் தோய்க்கும் அறையிலும், பூசை முடிந்து கலையும் மாதா கோவில் வாசலிலும் சீமோன் வாயைத் திறந்தால் தாராதான். சனிக்கிழமைகளில் நாலைந்து கார் வடக்கே போகத் தொடங்கின. ஹென்றியையும் சும்மா இருக்க விடவில்லை. வாத்து விடியற்காலையில் கண்ட இடத்தில் இட்டுவிடும். ஒன்பது மணிவரை அடைத்துவைத்துக் காய்ந்த வைக்கோல் போட்டால் ஒரு முட்டையும் சேற்றில் போகாது என்று சொல்லி, தானே வைக்கோலைப் பரப்பியும் காட்டினார். கிழவர் முதலில் முறைத்தார். ஒரு வாரம் போனதும் முட்டை சேர்க்கப் பெரிய கூடை வாங்கினார்.

ஆனாலும் தீவன விலை ஏறிக்கொண்டே போனது. தொண்ணூற்று நாலாம் வருடக் கோடையில் ஹென்றி முடிவாகச் சொல்லிவிட்டார்: இந்தப் பருவத்து முட்டை விலைபோகாவிட்டால், இடுகிற வாத்துகளையும் சேர்த்து லொறியில் ஏற்றிவிட்டுப் பட்டியைப் பூட்டிவிடுவார். அவர் விட்டால் பக்கத்து வீட்டாரும் விட்டுவிடுவார்கள். சீமோன் விடவில்லை. ஆகஸ்ட் நடுவில் ஒரு பெரிய சனிக்கிழமை வைக்கலாம், ஒரு வாரத்து முட்டையை அப்படியே சேர்த்துவையுங்கள், ஐம்பது காருக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். மூன்று வீட்டிலுமாக ஆயிரத்து இருநூறு முட்டைகள் சேர்ந்தன.

வந்தவை ஐந்து கார். ஐந்தும் அவருடைய மாதா கோவில்காரர்கள்.

வெறுங்கையோடு திரும்பியவரை லிப்டுக்குள் ஏழாம் தளத்துத் தவமணி பிடித்துக்கொண்டார். வழக்கமாக இரண்டு டசின் வாங்குகிறவர்.

"தம்பி, நல்லூரில கொடி ஏறிட்டுது எல்லோ. இருபத்தைஞ்சு நாளைக்கு எங்கட வீடுகளில மச்ச மாமிசமும் இல்லை, முட்டையும் இல்லை. உமக்குத் தெரியாதே?"

சீமோனுக்குத் தெரியும். முப்பது வருடம் யாழ்ப்பாணத்தில் அந்த முருகன் கோவில் திருவிழாவுக்குக் கச்சான் கடலை தின்னப் போனவர்தான். தவக்காலத்தை விரல்விட்டு எண்ணத் தெரிந்தவர் நல்லூர்க் கொடியை மறந்துபோனார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. லிப்ட் நான்கைத் தாண்டி ஏழுக்குப் போனதும் அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் பிலோமினா கோப்பியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "மீன் மிஞ்சினால் உங்கட அப்பா என்ன செய்தவர்? இருந்து அழுதவரோ?"

கோப்பி ஆறுவதற்குள் வான் மறுபடி வடக்கே ஓடியது. வழியில் மில்லிக்கனில் ஒரு சீனக் கடை; அங்கே கண்ணாடிச் சாடியில் உப்பில் ஊறிய வாத்து முட்டை விற்பதைச் சீமோன் பல தரம் பார்த்திருக்கிறார். கடைக்காரர் சொன்ன பக்குவம் சின்னது. உப்பு மட்டும் சீமோனுக்குக் கைவந்த கலை. ஹென்றியின் பேஸ்மென்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒரு பச்சை முட்டை மேலே மிதக்கும்வரை உப்பைப் போட்டுக் கரைத்தார். கருவாட்டுத் தொட்டிக்கு அவருடைய அப்பர் வைத்த அளவு அது. வாளி வாளியாக முட்டையை இறக்கி, மிதக்காமல் மேலே தட்டைக் கவிழ்த்து மூடினார்கள். பிறகு காத்திருப்புத்தான். தொழிற்சாலையிலிருந்து தினமும் ஹென்றிக்குப் போன் போட்டு, வாளியைத் திறக்கவில்லையே என்று கேட்பார்.

திருவிழா முடிந்த சனிக்கிழமை முதல் முட்டையை அவித்து நறுக்கினார்கள். மஞ்சள் கரு செம்மஞ்சளாகி எண்ணெய் கசிந்தது. ஹென்றி ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். சீனக் கடைக்காரர் பாதி வாளிகளைப் பச்சை முட்டை விலையைப்போல் ஒன்றரை மடங்குக்கு எடுத்துக்கொண்டு, மாதாமாதம் வேண்டும் என்றார். மீதிக்கு விரதம் முடித்த சனம் தெருவரை கார் விட்டு நின்றது. முதல் கார் தவமணியின் மகனுடையது. சீமோன் ஆனந்தத்தில் ஆளாளுக்கு முட்டை அவிக்கும் விதம் சொல்லித் தொண்டை கட்டிப்போனார்.

லொறிக்காரன் வந்தபோது ஹென்றி வாசலிலேயே ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு சீமோனிடம் திரும்பி, அடுத்த வருடம் உங்கள் கொடி எப்போது ஏறும் என்று மட்டும் கேட்டார். புதுக் கலண்டர் வந்தால்தான் தெரியும் என்றார் சீமோன்.

டிசம்பரில், தமிழ்க் கடையில் புது வருடக் கலண்டர் வந்த அன்றே, மயிலோடு முருகன் நிற்கும் ஒன்றை வாங்கிக்கொண்டு பண்ணைக்குப் போனார். இருபத்தைந்து நாட்களையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். பட்டிக் கதவில், ஹென்றியின் தீவனக் கடைக் கலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, மயிலின் மேல் ஒட்டிய வாத்து இறகை ஊதிவிட்டார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷம், சிலுவை போட்டுக்கொண்டார்.