டோர்த்தே வாங்கிய இரண்டு

என் அம்மா டோர்த்தேவுக்கு நாற்பத்தொன்பது வயதுவரை எந்தப் பட்டமும் கிடையாது. காலையில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. மாலையில் ஊர்க் கலைக்கூடம். லிம்ஃபியோர்ட் கடற்கழிக் கரையில் பூட்டிக் கிடந்த பழைய பால் பதனிடும் கூடத்தை அவளும் இன்னும் சிலரும் பதினாறு வருடங்களுக்கு முன் திறந்தார்கள். அன்றிலிருந்து பாடகர்களை வரவழைப்பது, ஒப்பந்தம் பேசுவது, கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது எல்லாம் அவள்தான். சம்பளம் இல்லை. அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை, அவள் உட்பட.

ஒரு நாள் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு ஆண்டுகளில் கூடத்துக்குச் சம்பளத்தோடு ஒரு மேலாளரை நியமிக்கப் போகிறார்களாம். தகுதி: கலை நிர்வாகத்தில் பட்டயம்.

அம்மா நின்றுகொண்டே படித்தாள். "பட்டயம் வச்சிருக்கிற எவனோ ஒருத்தன் வருவான். நான் அவனுக்கு வாளி எங்க இருக்குன்னு காட்டணும்."

"வாளியை ஒளிச்சு வச்சிரலாம்மா."

"வேணாம். அந்த எவனோ ஒருத்தனா நானே ஆயிடறேன்."

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள் நான். எங்கள் வீட்டுக்குள் பாடப்புத்தகம் நுழைந்ததே எனக்கு அதிர்ச்சி. வாரத்தில் இரண்டு மாலை அம்மா ஒரு மணி நேரம் ரயிலில் போய்க் கல்லூரியில் உட்கார்ந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லோரும் அவளுக்குப் பிள்ளை வயசு. நிதி திரட்டுதல், பதிப்புரிமை, பார்வையாளர் ஆய்வு என்று ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு வந்தாள். நிறுவனத்தின் பலம், பலவீனம் எழுதும் பயிற்சிக்கு என்னையே நிறுவனமாக்கி, ஃபிரிட்ஜ் கதவில் மஞ்சள் சீட்டு ஒட்டினாள். பலம்: சத்தம். பலவீனம்: சத்தம். நான் கீழே அவளுக்கு ஒன்று ஒட்டினேன். பலம்: பிடிவாதம். மற்றதற்கு இடம் போதவில்லை.

அவளுடைய ஆசிரியர் அஸ்கர். நல்ல மனுஷர்தான், கழுத்துத் துண்டு மட்டும் கொஞ்சம் அதிக நீளம். செயல்முறைப் பயிற்சியின்போது எங்கள் கூடத்தைப் பார்க்க வந்தார். கச்சேரி முடிந்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோரும் எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் அடுக்கினார்கள். அஸ்கர் முகம் மாறிவிட்டது.

"டோர்த்தே, இவங்க டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்க. இவங்களை மூட்டை தூக்க வைக்கிறீங்களே?"

"நாங்க எப்பவும் அப்படித்தான்."

"அதான் பிரச்சினை. தொழில்முறையா யோசிங்க."

அம்மா யோசித்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. அந்த இலையுதிர் பருவத்தில் நாற்காலி அடுக்க இரண்டு பேரை வேலைக்கு வைத்தாள். பார்வையாளர்கள் கைதட்டினார்கள், கோட்டை மாட்டினார்கள், போய்விட்டார்கள். எட்டுக் கச்சேரிகள் இப்படியே நடந்தன. வசந்தம் வந்தபோது கூடத்துச் சமையலறைக் கதவில் தொங்கும் தொண்டர் பட்டியலில் நாற்பத்தொரு பெயருக்குப் பதிலாகப் பதினேழுதான் இருந்தது. காபி போட ஆளில்லை. டிக்கெட் கிழிக்க ஆளில்லை. ஒரு வியாழக்கிழமை இரண்டையும் நானே செய்தேன்; ஊருக்கே அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

அம்மா அந்தப் பட்டியல் முன்னால் வெகு நேரம் நின்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். பதினாறு வருடமாக அவள் ஆள் பிடித்ததெல்லாம் நாற்காலி அடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். நாற்காலியோடு நடக்கிறவரிடம் போய், "தோர்கில், அடுத்த வாரம் வாசல்ல நிக்கிறீங்களா?" என்பாள். இரண்டு கையிலும் நாற்காலி இருக்கிற மனுஷன் எங்கே ஓடுவான்?

வேலைக்கு வைத்த இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு, வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். இரண்டே மாதத்தில் பெயர்கள் முப்பத்தாறாயின. இதையே இறுதி ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயமாக எழுதினாள். தன் தப்பையும் மறைக்கவில்லை.

அஸ்கர் போனில் கூப்பிட்டார். அம்மா கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இது அனுபவக் கதை டோர்த்தே, ஆய்வு இல்ல. அந்த அத்தியாயத்தை எடுத்துடுங்க. ஊர்ல வயசானவங்க அதிகமானதால தொண்டர் குறைஞ்சாங்கன்னு எழுதினா மேற்கோள் காட்ட நிறையப் புத்தகம் இருக்கு. பன்னிரண்டுக்குப் பத்து மார்க் நிச்சயம்."

"ஆறு மாசத்துல ஊரே கிழமாயிடுச்சா?"

"இப்படியே விட்டீங்கன்னா பாஸ் ஆவீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

தோற்றால் மறுதேர்வு ஆகஸ்டில்தான். வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் முப்பது. அம்மாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

"நடக்காததை நடந்துச்சுன்னு எழுதி மேலாளர் ஆனா, அப்புறம் நான் என்னத்தை நிர்வாகம் பண்றது?" என்றாள். போனை வைத்த பிறகு ரொட்டி மாவை அவள் குத்திய குத்தில் மேஜை ஆடியது.

எங்கள் நாட்டில் வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்து மூலையில் உட்கார்ந்தேன். பச்சைத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் அஸ்கர். பக்கத்தில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் விபெக்கே. பெரிய நாடக அரங்கை நடத்துகிறவர். அம்மாவின் கழுத்து சிவந்திருந்தது. அதைப் பார்க்காத மாதிரி நான் ஜன்னலைப் பார்த்தேன்.

விபெக்கே கேட்டார்: "உங்க கூடத்துல நூறு பேர். நானூறு பேர் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"தூக்கறதுக்கு நானூறு பேர் இருப்பாங்க."

"சக்கர நாற்காலியில வர்றவங்க?"

"யுட்டா வருவாங்க. எந்த வரிசையை எங்க அடுக்கணும்னு அவங்கதான் கத்துவாங்க. ஊர்லயே அவங்களை மாதிரி பொல்லாத மேஸ்திரி கிடையாது."

விபெக்கே சிரித்துவிட்டார். அஸ்கர் சிரிக்கவில்லை. "இதுக்கெல்லாம் ஆதாரம்?"

அம்மா பட்டியலை மேஜையில் வைத்தாள். "வராம நின்னுபோன இருபத்துநாலு பேர்கிட்டயும் ஏன்னு கேட்டேன். பத்தொன்பது பேர் சொன்னது ஒரே பதில்: யாரும் எங்களைக் கூப்பிடலையே. போன் நம்பரும் இருக்கு. இப்பவே கூப்பிடுங்க."

எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவர்கள் பேசினார்கள். பாஸானவர்களுக்கு ஆட்ட எங்கள் நாட்டில் எடுத்துப்போகும் காகிதக் கொடியை வைத்துக்கொண்டு நான் நடைபாதையில் நின்றேன். அம்மாவின் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்து, கொடிக்குச்சியை அவள் காதில் விட்டேன். "சனியனே," என்றாள். ஆனால் கொஞ்சம் மூச்சு வந்தது.

கதவு திறந்தது. பன்னிரண்டுக்கு அவள் வாங்கியது இரண்டு. தேர்ச்சியின் கடைசிப் படி.

"கோட்பாட்டு நூல்களைச் சேர்த்திருந்தா..." என்று அஸ்கர் ஆரம்பித்தார்.

"இது பாஸ்தானே?"

"பாஸ்தான்."

"அப்ப சரி."

வெளியே வந்ததும் என்னிடம், "கொடியை ஏன்டி தொங்கவிட்டிருக்க? பன்னிரண்டு வாங்கினவ மாதிரி தூக்கிப் பிடி," என்றாள்.

விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே மதிப்பெண்ணை எழுதி, அந்த அத்தியாயத்தையும் இணைத்தாள். நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிய பெண், "இதைக் கடைசியில போடலாமே?" என்று பரிதாபப்பட்டாள். "எதுக்கு? திருடினதா அது?" என்றாள் அம்மா.

விண்ணப்பித்தவர்களில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்குப் பத்து, ஒருவருக்குப் பன்னிரண்டு. நேர்காணலில் மூவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்களாம்: காசில்லாமல் வேலை செய்ய ஆள் எங்கே கிடைக்கும்? மற்ற இருவரும் விளம்பரத் திட்டம் சொன்னார்கள். அம்மா ஆள் பெயர்களைச் சொன்னாள். முப்பத்தாறையும் சொல்லி முடிக்கும்வரை அவர்களால் நிறுத்த முடியவில்லையாம். ஆகஸ்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இப்போது அவள் மேஜைக்கு மேலே சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. போன வாரம் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு இசைக்குழு முகவர் அதை உற்றுப் பார்த்தார். "இரண்டுன்னா... ரொம்பக் குறைச்சல் இல்லையா?"

"ஆமா, அதுக்குக் கீழ பெயில்தான்," என்றாள் அம்மா. "உட்காருங்க. உங்க ஒப்பந்தத்துல மூணு இடம் சரியில்ல."